காலிமுகத்திடலை ஏன் வெட்டவெளியாக விட்டார்கள்?

கொழும்பின் நடுவில் இவ்வளவு பெரிய திடல் எப்படித் தப்பியது என்று கேட்டிருந்தீர்கள். பீரங்கிதான் காரணம்.

துறைமுகத்தைக் காத்த கொழும்புக் கோட்டைக்கு மேற்கே கடல், கிழக்கே பேர வாவி. தெற்கே தரைவழி திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் எதிரி வந்தால் மறைய ஒரு மரம்கூட இருக்கக்கூடாதென்று ஒல்லாந்தர் நிலத்தைத் துப்புரவாக்கி, மதிலிலிருந்து பீரங்கிகளை அதை நோக்கித் திருப்பி வைத்தார்கள். இன்று நாம் இறால் வடை தின்னும் இடம் அன்று குண்டு பாயும் பாதை.

வேடிக்கை என்னவென்றால், 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்தது வடக்கிலிருந்து. நீர்கொழும்பில் இறங்கி, களனி ஆற்றைக் கடந்து வந்தார்கள். ஒல்லாந்தரின் கூலிப்படையான டி மியூரோன் ரெஜிமென்ட் அதற்கு முன்பே ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டது. கோட்டை பெரிய சண்டையில்லாமலே சரணடைந்தது.

பிறகு ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல், கடலோர நடைபாதை முடிந்தது. 1869இல் மதில்களையே இடிக்கத் தொடங்கினார்கள். மிச்சத்தைப் பார்க்க ஆசையென்றால் பிரிஸ்டல் வீதிக்குப் போங்கள். கோட்டையின் பழைய நுழைவாயிலான டெல்ஃப்ட் வாசல் அங்கே வங்கிக் கட்டடத்தோடு ஒட்டி நிற்கிறது.