தேய்ந்த செப்புக்காசை யாரிடம் காட்டுவது, எப்படிக் காட்டுவது?

கேள்வி: கண்காட்சிகளில் வாங்கிய சதுரச் செப்புக்காசுகள் முப்பது வரை என்னிடம் இருக்கின்றன. யானை தெரிகிறது, சிலவற்றில் எழுத்துப் போலவும் ஏதோ இருக்கிறது. சேகரிப்பாளர் கூட்டங்களில் பிரிட்டிஷ் இந்தியக் காசும் பழைய நோட்டும்தான் பேச்சு. என் காசுகளைத் தேய்ந்த செம்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒத்த ஆர்வம் உள்ளவர்களை எங்கே தேடுவது? அவர்களோடு எப்படிப் பழகுவது?

பதில்: மற்ற எந்தக் காசையும்விட, சங்ககாலத்தது போலத் தோன்றும் இந்தக் காசுக்குத்தான் கூட்டாளி தேவை. அது தயாரான விதமே அப்படி. அச்சில் யானை, சின்னங்கள், எழுத்து எல்லாம் முழுதாக வெட்டியிருப்பார்கள். அடியில் வைத்த செப்புத் துண்டோ பல சமயம் அச்சைவிடச் சிறியது. நடுவில் உட்காராமலும் போகும். அதனால் உங்கள் காசில் யானையின் முதுகும் இரண்டு எழுத்தும் விழுந்திருக்கலாம். அதே அச்சில் அடித்த இன்னொரு காசில் மீதி எழுத்து இருக்கலாம். அந்தக் காசு வேறொருவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் வாசகம் முழுமையாகும். 'பெருவழுதி' என்ற அரசன் பெயரைத் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிக்கொணர்ந்தார். யானையும் மீன் சின்னமும் கொண்ட சதுரக் காசுகள் சங்ககாலப் பாண்டியருடையவை என்பதற்கு அது எவ்வளவு பெரிய சான்று என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் முப்பதில் ஒன்றையும் அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள்.

ஆட்களைத் தேடும்போது 'சங்ககாலக் காசு சேகரிப்பவர்' என்று மட்டும் தேட வேண்டாம். கரூர், மதுரைப் பக்கம் கிடைத்த பிற்கால ரோமானியச் சிறு செப்புக்காசுகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்த செம்பில் உருவம் பார்க்கும் கண் அவர்களுக்கு உண்டு. இலங்கையிலும் இதே வகை ரோமானியக் காசுகளும் அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்தவையும் நிறையக் கிடைத்திருப்பதால், அங்குள்ளவர்களும் நல்ல துணை. எழுத்துக்குக் கல்வெட்டு படித்தவர்களைத்தான் நாட வேண்டும். காசு வியாபாரியின் வாசிப்பை மட்டும் நம்பாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியக நாணயக்கூடத்தில் ஒரு முழுநாள் செலவிடுங்கள். 1910-இல் தொடங்கிய இந்திய நாணயவியல் கழகம் வாரணாசியில் இருக்கிறது; அதன் ஆய்விதழைப் பார்த்தால் இந்தத் துறையில் யார் எழுதுகிறார்கள் என்று தெரியும்.

கூட்டத்துக்கு முப்பதையும் கொண்டுபோகாதீர்கள். ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: எடை (0.01 கிராம் வரை காட்டும் தராசில்), நீள அகலம் மி.மீ.யில், வாங்கிய நாள், இடம், விற்றவர் சொன்ன கிடைத்த ஊர். யானையை நேராக நிறுத்திவிட்டுக் காசைப் பக்கவாட்டில் புரட்டுங்கள்; பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைப் பார்க்கிறது என்றும் குறியுங்கள். படம் எடுக்க வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழ வேண்டும். தலைக்கு மேல் விளக்கு இருந்தால் தேய்ந்த எழுத்து மறைந்தே போகும். வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றி நான்கு படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். காட்டப் போகிறோமே என்று புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கக் கூடாது. பல காசுகளில் எழுத்தின் வடிவம், செம்பின் மேல் நாளடைவில் படிந்த களிம்பில்தான் மிஞ்சியிருக்கும். அமிலம் அதைக் கரைத்துவிடும். வெளிர்பச்சைப் பொடி உதிர்கிற காசை மட்டும் தனியே, ஈரம் படாமல் வையுங்கள்.

மேஜையில் சில பழக்கங்கள் உண்டு. அடுத்தவர் காசைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. விளிம்பைப் பிடித்து, விரித்த துணிக்கு மேலேயே பார்க்க வேண்டும். கைக்குக் கை மாற்றாமல் துணியில் வைத்துவிட்டால் அவர் எடுத்துக்கொள்வார். விழுந்தால் யார் கை தவறியது என்ற பேச்சே வராது. எடுத்தவுடன் விலை கேட்காதீர்கள். பேரம் நடக்கும்போது நடுவில் புகுந்து போலி என்று சொல்லாதீர்கள். வாங்குபவர் கேட்டால் தனியே அழைத்து, காரணத்தோடு சொல்லுங்கள்.

அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் வகைக் காசில் அடிக்கடி நடக்கும் மோசடி, அசல் தேய்ந்த காசில் புதிதாக எழுத்து வெட்டுவது. அச்சில் அடித்த எழுத்து மேடாக நிற்கும். கீறிய எழுத்து குழிவாக இருக்கும். கெட்டிக்காரன் சுற்றிலும் செதுக்கி மேடாக்கினால் எழுத்தைச் சுற்றிய தளம் மட்டும் பள்ளமாகி, களிம்பு அங்கே வேறு நிறத்தில் இருக்கும். 10 மடங்கு லென்சில் இதைப் பார்க்கலாம்.

பிறர் காசைப் படம் எடுத்தால், வெளியிடலாமா என்று அன்றே கேளுங்கள். வாசகத்தை முதலில் படித்துச் சொன்னவர் பெயரைச் சீட்டில் எழுதி வையுங்கள். இந்தச் சிறு வட்டத்தில் உறவு முறிவது பணத்தால் அல்ல, பெரும்பாலும் இந்தப் பெயர் விடுபடுவதால்தான். காசு மாற்றிக்கொண்டால் இருவரும் ஒரே தாளில் படம், எடை, தேதி எழுதிக் கையெழுத்திடுங்கள். பழைய சீட்டும் காசோடு போக வேண்டும். கிடைத்த ஊரை ஆய்வாளரிடம் முழுதாகச் சொல்லலாம், கூட்டத்தில் வேண்டாம். மறுவாரமே அங்கே மண்ணைக் கிளறுவார்கள்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். 100 ஆண்டு கடந்த காசு 1972 சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பவே கூடாது. ஆகவே கொழும்பு நண்பருக்குப் படமும் அளவும் போகலாம், காசு போகக் கூடாது. மண்ணில் புதைந்திருந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால், 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 'நேற்றுத்தான் தோண்டி எடுத்தது' என்று யாராவது காசை நீட்டினால் வாங்காதீர்கள்.