சுகர் மாத்திரையோடு சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் சேரும்போது

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமெபிரைடு 1 மி.கி., காலை, இரவு இரண்டு வேளை மெட்ஃபார்மின் 500 மி.கி. சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8.1. தெரிந்தவர் ஒருவர், காலையிலும் இரவிலும் ஒரு டீஸ்பூன் சிறுகுறிஞ்சான் பொடி, வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம் என்று சொல்லி, "மூன்று மாதத்தில் மாத்திரையை விட்டுவிடலாம்" என்கிறார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? எவ்வளவு சாப்பிட வேண்டும்?

பதில்: வெந்தயத்தைத் தொடங்கலாம், ஆனால் அவர் சொன்ன விதத்தில் வேண்டாம். சிறுகுறிஞ்சானை உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

சிறுகுறிஞ்சானில் தயங்குவதற்குக் காரணம், நீங்கள் காலையில் போடும் கிளிமெபிரைடு. அது கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் உள்ள பொட்டாசிய வாயில்களை மூடி இன்சுலினை வெளியே தள்ளும் மருந்து. ரத்தத்தில் சர்க்கரை 220 இருந்தாலும் 90 இருந்தாலும் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். ஒரு முறை விழுங்கினால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். அதன் மேல் சர்க்கரையைக் குறைக்கும் இன்னொன்றைச் சேர்த்தால் அளவு 70க்குக் கீழே போய்விடலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. அது முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி செய்வதைக் குறைக்கிறது, இன்சுலினைத் தள்ளுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிறுகுறிஞ்சான் ஒத்துக்கொண்டது என்று யாராவது சொன்னால், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சிறுகுறிஞ்சான் இலையில் இருக்கும் முக்கியப் பொருள் ஜிம்னெமிக் அமிலங்கள். ஒரே அமிலம் அல்ல, சபோனின் வகையைச் சேர்ந்த ஒரு கூட்டம். இவை நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அதனால் வந்ததுதான். குடலிலும் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை இவை மந்தப்படுத்துவதாகவும், பீட்டா செல்களிலிருந்து இன்சுலின் வெளிவருவதைக் கூட்டுவதாகவும் விலங்குகளிலும் செல்களிலும் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. இந்த இரண்டாவது வேலைதான் கிளிமெபிரைடோடு மோதுகிறது.

இந்த நாக்கு விளைவை வைத்தே நீங்கள் வாங்கிய பொடியைச் சோதித்துப் பார்க்கலாம். கால் டீஸ்பூன் பொடியை நாக்கில் பரப்பி ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போடுங்கள். நல்ல பொடியாக இருந்தால் சர்க்கரை மணலைப் போல நரநரவென்று இருக்கும், இனிப்பு தெரியாது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சுவை திரும்பிவிடும். சர்க்கரை வழக்கம்போல இனித்தால், அது நாள்பட்ட பொடி, அல்லது வேறு ஏதோ இலை. ஆனால் இந்தச் சோதனை அமிலம் இருக்கிறதா என்று சொல்லுமே தவிர எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. இலை பறித்த பருவம், காயவைத்த விதம், டப்பாவில் கிடந்த காலம் எல்லாமே அதை மாற்றும். போன மாதப் பொட்டலத்தின் ஒரு டீஸ்பூனும் இந்த மாதப் பொட்டலத்தின் ஒரு டீஸ்பூனும் ஒரே மருந்தளவு இல்லை.

"மாத்திரையை விட்டுவிடலாம்" என்ற பேச்சுக்கு அடிப்படையாக அடிக்கடி காட்டப்படுவது, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு ஜிஎஸ்4 என்ற சிறுகுறிஞ்சான் சாறு தினம் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேர் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது. மதிக்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் மீதி 17 பேரைச் சொல்வதில்லை. மாத்திரை குறைக்கப்பட்டது மருத்துவர்களின் கண்காணிப்பில், ஒன்றரை வருடத்துக்கு மேல் நீடித்த ஆய்வில். மூன்று மாதக் கணக்கு அதில் எங்கும் இல்லை. கொடுக்கப்பட்டதும் செறிவாக்கிய சாறு, நாட்டு மருந்துக் கடைப் பொடி அல்ல. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய ஆய்வும் அல்ல அது.

கேப்ஸ்யூலாக வாங்குபவர்கள் லேபிளில் மொத்த எடையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். 400 மி.கி. என்று போட்டு, ஜிம்னெமிக் அமிலம் 25 சதவீதம் என்றால் உள்ளே போவது 100 மி.கி. அதே 400 மி.கி., 75 சதவீதம் என்றால் 300 மி.கி. பிராண்டை மாற்றினால் உங்களுக்கே தெரியாமல் அளவு மூன்று மடங்காகிவிடும். சதவீதமே போடாத டப்பாவை வாங்காதீர்கள்.

மருத்துவர் சம்மதித்தால் எப்படித் தொடங்குவது? காலை வெறும் வயிற்றில் வேண்டாம், இரவிலும் வேண்டாம். காலையில் போட்ட கிளிமெபிரைடு இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், அந்த நேரத்தில் கூட்டு சேர்க்கக் கூடாது. இரவில் சர்க்கரை இறங்கினால் தூக்கத்தில் தெரியாது. ஆகவே மதிய உணவுக்குச் சற்று முன், அரை டீஸ்பூன், அதாவது சுமார் 1 கிராம், ஒரு வேளை மட்டும். இரண்டு வாரம் அதே அளவு. சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் பொடியும் வேண்டாம். சிறுகுறிஞ்சான் சாப்பிட்டவருக்குக் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான், இருந்தாலும் தொடங்கும் முன் ஒரு முறையும் ஆறு வாரம் கழித்து ஒரு முறையும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

இப்போது வெந்தயம். வீட்டிலேயே இருக்கிறது, மலிவு, எப்படி வேலை செய்கிறது என்பதும் ஓரளவு தெளிவு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது வீணாகிறது.

வெந்தயத்தின் உலர் எடையில் பாதிக்கு அருகே நார்ச்சத்து. அதில் தண்ணீரில் கரையும் பகுதி காலக்டோமன்னன் என்ற பசை. ஊறிய வெந்தயத்தை விரலால் நசுக்கினால் வழவழவென்று இழுபடுமே, அதுதான். இந்தப் பசை குடலில் சோற்றோடு கலந்து கூழாகி, மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. இது தவிர 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின் என்ற அமினோ அமிலமும் வெந்தயத்தில் உண்டு. சர்க்கரை உயர்ந்திருக்கும்போது இன்சுலின் சுரப்பைக் கூட்டும் தன்மை ஆய்வகத்தில் அதற்குத் தெரிகிறது. ஆனாலும் நாம் சாப்பிடும் அளவில் பெரிய வேலை செய்வது பசைதான் என்பது எங்கள் கணிப்பு.

பசைதான் மருந்து என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஊறவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டினால் மருந்தில் பெரும்பகுதியைக் கொட்டுகிறீர்கள். மெல்லாமல் முழுசாக விழுங்கினால் விதை அப்படியே வெளியே போகும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் சாப்பிட்டு ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டால், கலக்க வேண்டிய நேரத்தில் பசை அங்கே இருக்காது. இட்லி மாவில் போடும் ஒரு டீஸ்பூன் வெந்தயம் நாலு பேருக்குப் பங்காகிறது. வாசனைக்குச் சரி, சர்க்கரைக்குப் போதாது. வெந்தயக் களியில் கருப்பட்டி சேர்ப்பவர்களும் உண்டு. கருப்பட்டியும் சர்க்கரைதான்.

அளவு பற்றி: ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி தினம் 100 கிராம் கொடுக்கப்பட்டது. வீட்டில் யாராலும் தொடர்ந்து சாப்பிட முடியாத அளவு. அதே நிறுவனத்தின் பிந்தைய ஆய்வில் அது 25 கிராம். ஒரு டீஸ்பூன் வெந்தயம் சுமார் 4 கிராம்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூனை மூன்று மாதம் சாப்பிட்டு "வெந்தயம் கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் வெந்தயத்தை இன்னும் முயன்று பார்க்கவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வெந்தயத்தை வெயிலில் காயவைத்து, அல்லது வெறும் வாணலியில் வாசனை வரும் வரை மட்டும் சூடாக்கி (சிவந்து கருகினால் கசப்பு தாங்காது), மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் மதிய உணவுக்குப் பத்து நிமிடம் முன் ஒரு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் மோரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். வைத்திருந்தால் கெட்டியாகிவிடும். இரண்டாவது வாரம் இரவு உணவுக்கு முன்பும் ஒரு டீஸ்பூன். வயிறு ஒத்துழைத்தால் மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு டீஸ்பூன். மொத்தம் தினம் 16 கிராம் அளவுக்கு வரும். பொடியைத் தண்ணீர் இல்லாமல் வாயில் போட்டு விழுங்கக் கூடாது, தொண்டையிலேயே ஊதி அடைக்கும்.

முதல் வாரத்திலேயே முழு அளவு எடுத்தால் வயிறு உப்பும், பேதியாகும். மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும் மாத்திரை என்பதால் பழி எதன்மேல் என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்துபவர்கள் உண்டு. அதற்காகத்தான் இந்தப் படிப்படியான ஏற்றம். சிறுநீரிலும் வியர்வையிலும் வெல்லப்பாகு போன்ற வாசனை வரும். அது சோடோலோன் என்ற பொருளின் மணம், பயப்பட வேண்டியதில்லை. பசை மற்ற மாத்திரைகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும், எனவே தைராய்டு மாத்திரை போன்றவற்றுக்கும் வெந்தயத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவர்கள் இந்த அளவில் சாப்பிடக் கூடாது.

பலன் தெரிகிறதா என்பதை உடம்பு லேசாக இருக்கிறது, சோர்வு இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடங்கும் முன் மூன்று நாள், ஒரே மதியச் சாப்பாடு, அதே அளவு சோறு, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதுங்கள். முழு அளவுக்கு வந்த பிறகு மறுபடி மூன்று நாள், அதே சாப்பாடு. வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டுவது தர விதிப்படி ஏற்கப்பட்டதே. உண்மையில் 200 இருந்தால் 170ம் காட்டலாம், 230ம் காட்டலாம். ஆகவே 10, 15 குறைந்தது என்று கொண்டாட வேண்டாம். மூன்று நாள் சராசரி தெளிவாக இறங்கியிருந்தால்தான் கணக்கு. ஹெச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் முன்னதாகப் பார்த்தால் பழைய சர்க்கரையும் சேர்ந்தே தெரியும். இரண்டு மூலிகையையும் ஒரே நாளில் தொடங்கினால் எது குறைத்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெந்தயம் முதலில், மூன்று மாதம் கழித்துத் தேவையென்றால் சிறுகுறிஞ்சான்.

இதில் பத்து மூலிகை கலந்த "சுகர் பொடி" எதற்கும் இடமில்லை. அதில் பட்டை சேர்த்திருப்பார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த ஒற்றைச் சுருள் காசியா வகையில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் 2 கிராமுக்கு மேல் தொடர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது. இலங்கைக் கறுவாவில், மெல்லிய பல அடுக்குச் சுருளில், அது மிகக் குறைவு. சீந்திலும் இருக்கும். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு வந்த கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. நீண்ட நாள் தினமும் சாப்பிடப்போகும் ஒருவருக்கு இந்த விவாதமே எச்சரிக்கையாகப் போதும். எல்லாவற்றையும்விட மோசம், பொடியில் ரகசியமாக அலோபதி மாத்திரையே கலந்திருப்பது. சிங்கப்பூரில் 2008இல் வேறு பயன்பாட்டுக்கு விற்ற போலி மருந்துகளிலும் மூலிகைத் தயாரிப்புகளிலும் கிளிமெபிரைடு இனத்தைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு கலந்திருந்து, சர்க்கரை இறங்கி 150 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 4 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கும் பொடியை மெச்ச வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

"மாத்திரை கெமிக்கல், மூலிகை இயற்கை" என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பாவில் நீரிழிவுக்குக் கொடுத்துவந்த கலேகா என்ற செடிதான். அதிலிருந்த கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சுத்தன்மை அதிகம். அந்தக் குடும்பத்துச் சேர்மங்களில் ஒன்றாக மெட்ஃபார்மின் 1922இல் தயாரானது, 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். இன்று சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் என்று எழுதிக் கொடுக்கும் மாத்திரையின் மூதாதை, ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின். ஒவ்வொரு மாத்திரையிலும் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும் என்பதுதான் செடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். உங்கள் 8.1ஐ 7க்கு அருகே கொண்டுவர அந்தத் துல்லியம் இப்போது தேவைப்படுகிறது. மூன்று மாதம் கழித்து எண்கள் நன்றாக இருந்தால், முதலில் குறைக்கப் பார்ப்பது கிளிமெபிரைடைத்தான். அதை மருத்துவர் செய்வார், உங்கள் மீட்டர் நோட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சுக் குழறல் வந்தால் மீட்டர் எடுங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டர் கைவசம் இல்லை என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் கொட்டும். குடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உடைவதைத் தாமதப்படுத்தும் வாக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சாதா சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். சிறுகுறிஞ்சான் சாப்பிட்டு அரை மணிக்குள் இப்படி ஆனால் வாயில் போட்ட சர்க்கரை இனிக்காது. ஏதோ தவறு என்று துப்பிவிடாதீர்கள், சுவை இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், விழுங்குங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு உடனே சாப்பிடவும் வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமெபிரைடால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அன்று இரவு அவரைத் தனியாகத் தூங்கவிடாதீர்கள்.