வேலைக்கென்று பிறந்த நாய்க்கு எந்த வீடு பொருந்தும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடு மேய்ப்பதற்கும் காவல் காப்பதற்கும் மோப்பம் பிடிப்பதற்கும் பனியில் வண்டி இழுப்பதற்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட நாய்கள், அந்த வேலை எதுவுமே இல்லாத சிங்கப்பூரிலும் மீட்பு இல்லங்களுக்கு வந்து சேர்கின்றன. அவற்றைத் தத்தெடுக்க விரும்புவோரும், தத்துக்கொடுக்க வேண்டிய நிலையில் இருப்போரும் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அங் மோ கியோவில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். கணவர் நாள்தோறும் ஓடுபவர். மீட்பு இல்லமொன்றில் பார்த்த பார்டர் கோலி என்னும் மேய்ச்சல் இன நாயை மறக்க முடியவில்லை. நாங்கள் சுறுசுறுப்பான குடும்பம் என்பதைச் சொன்னால் அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும். பார்டர் கோலி அந்தப் பட்டியலில் இல்லை. விதியை மீறினால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதைவிட, அண்டை வீட்டார் ஒருவர் புகார் கொடுத்த மறுவாரமே ஏற்கெனவே ஒருமுறை வீடிழந்த நாய் மீண்டும் வீடிழக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. "கலப்பினம் என்று எழுதிக்கொள்ளலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலிலேயே வேலைக்குப் பிறந்த இனங்கள் இருக்கின்றன. ஜேக் ரசல் டெரியர் இங்கிலாந்தில் நரி வேட்டைக்காக உருவாக்கப்பட்ட நாய். அளவில்தான் சிறியது, சுறுசுறுப்பில் உங்கள் கணவருக்குச் சளைக்காது. ஷெட்லாந்து ஷீப்டாக் மேய்ச்சல் இனம், சொல்வதை விரைவில் கற்றுக்கொள்ளும். ஆனால் தாழ்வாரத்தில் யார் நடந்தாலும் குரைக்கும் இயல்புடையது என்பதால், மின்தூக்கிக்கு அருகில் உள்ள வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. புராஜெக்ட் அடோர் திட்டத்தின்கீழ், தோள் உயரம் 55 சென்டிமீட்டரைத் தாண்டாத உள்ளூர்க் கலப்பின நாய்களை, திட்டத்தில் பங்கேற்கும் விலங்குநலக் குழுக்கள் வழியாக வீவக வீட்டுக்குத் தத்தெடுக்கலாம். ஓடத் துணை வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பமென்றால், இந்த ஊர் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த, குட்டை முடி கொண்ட அந்த நாய்கள் பார்டர் கோலியைவிடப் பொருத்தமானவை என்றுகூடச் சொல்வேன். காவல்துறையிலும் ஆயுதப்படையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற மோப்ப நாய்களையும் 2017 முதல் வீவக வீடுகளில் நிபந்தனைகளோடு வளர்க்க முடிகிறது. அவற்றுக்கு வயது கூடியிருக்கும்; நீண்ட ஓட்டத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பொங்கோலில் கூட்டுரிமை வீட்டில் (கொண்டோ) இருக்கிறோம். தத்தெடுத்த பார்டர் கோலியை நாள்தோறும் 8 கிலோமீட்டர் ஓட வைக்கிறேன். வீடு திரும்பியதும் மீண்டும் அங்குமிங்கும் அலைகிறது, நிழலைத் துரத்துகிறது. தூரத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நாயின் உடல் அதற்கேற்பத் தேறிவிடும். அடுத்த மாதம் 8 கிலோமீட்டர் அதற்குப் போதாமல் போகும். இந்த இனம் மலைச்சரிவில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. ஆட்டைக் கண்கொட்டாமல் பார்க்கிறது, பதுங்குகிறது, மேய்ப்பரின் சீழ்க்கைக்காகக் காத்திருக்கிறது, சொன்ன திசையில் வளைந்து செல்கிறது, நிற்கச் சொன்னால் நிற்கிறது. அந்தக் கவனமும் காத்திருப்பும்தான் அதன் உண்மையான வேலை. அவை கிடைக்காதபோது, அசையும் எதையாவது வேலையாக்கிக்கொள்கிறது. நிழல், விளக்கொளி, மின்விசிறி இறக்கை ஆகியவற்றைத் துரத்துவது முற்றிவிட்டால் மாற்றுவது கடினம் என்பதால், இப்போதே நாய் நடத்தைப் பயிற்சியாளர் ஒருவரையும் பாருங்கள். லேசர் விளக்கு விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தை மூளைக்குக் கொடுங்கள். அன்றைய உணவில் பாதியைக் கிண்ணத்தில் வைக்காமல், பழைய துண்டில் பரப்பிச் சுருட்டி முடிச்சிட்டுக் கொடுங்கள். மூக்கால் நெம்பிப் பிரித்துத் தின்னட்டும். அது பழகியதும், நாயை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, சோபா அடியிலும் செருப்பு அலமாரிக்குப் பின்னாலும் உணவை ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். இருபது நிமிட மோப்பத் தேடல் பல நாய்களை ஒரு மணி நேர நடையைவிட நன்றாகக் களைப்படையச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு இணையாக, ஒரு பாயை விரித்து அதில் சும்மா படுத்திருப்பதையும் ஒரு பயிற்சியாகக் கற்றுக்கொடுங்கள். முதலில் சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒரு துண்டு உணவைப் பாயின்மேல் வையுங்கள். பிறகு இடைவெளியை நீட்டுங்கள். வேலை இன நாய்க்கு ஓய்வெடுக்கத் தெரியாது. அதை நாம்தான் கற்பிக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே உடல் சூட்டைத் தணிக்கிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் அது சரியாக நடப்பதில்லை. சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆகவே காலை 6 மணி குளிர்ச்சியாகத் தோன்றினாலும் வேகமாக ஓட ஏற்ற நேரமன்று. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைத்திருக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அதைத் தாங்காது. நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு கடுஞ்சிவப்பாவது, கால் தடுமாறுவது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் நிறுத்திவிட்டு, நிழலில் குழாய் நீரை உடல் முழுதும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இயல்பாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பெருநாய்களைப் பெருவிரைவு ரயிலிலோ பேருந்திலோ ஏற்ற முடியாது. வழிகாட்டி நாய்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. வீட்டில் கார் இல்லையென்றால், நள்ளிரவிலும் வரக்கூடிய செல்லப்பிராணி டாக்சி ஒன்றின் எண்ணை இன்றே கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

தற்காலிகமாக வளர்க்கும் மேய்ச்சல் இன நாய், எங்கள் நான்கு வயது மகன் ஓடும்போதெல்லாம் குதிகாலைக் கவ்வுகிறது. பகலில் பணிப்பெண்தான் வீட்டில் இருப்பார். நிரந்தரமாகத் தத்தெடுக்கலாமா?

குதிகாலைக் கவ்வுவது மேய்ச்சல் இயல்பு. மந்தையிலிருந்து விலகும் மாட்டை நாய் அப்படித்தான் திருப்புகிறது. அதில் பகை இல்லை. ஆயினும் குழந்தையின் தோலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இடையே தடுப்புக் கதவு போடுவது, மகன் ஓடியாடும் நேரத்தில் நாயை வேறறையில் வேறு வேலையில் வைப்பது, குழந்தை ஓடினால் நாய் பாய்க்கு வரப் பழக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் குறையும். ஆனால் இவற்றைப் பகல் முழுவதும் செய்யப்போவது நீங்கள் அல்லர், பணிப்பெண். அவரிடம் யாராவது கேட்டீர்களா? நாயைக் கண்டு அஞ்சுபவராகவோ, சமய நம்பிக்கை காரணமாக நாயைத் தொடத் தயங்குபவராகவோ இருக்கலாம். வேலை போய்விடுமோ என்று வாய்திறக்காமலும் இருக்கலாம். முதலாளியம்மாவின் முன்னிலையில் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. குழந்தை, பணிப்பெண் இருவரையும் வைத்துப் பார்க்கும்போது, இந்த நாய் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

தரைவீட்டில் இருக்கிறோம். ஜெர்மன் ஷெப்பர்ட் தத்தெடுக்க என்ன தேவை?

அதுவும் பெல்ஜியன் ஷெப்பர்ட் உள்ளிட்ட அதன் உறவினங்களும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. வெளியே கொண்டுபோகும்போது வாரும் வாய்க்கவசமும் கட்டாயம். கீழ்ப்படிதல் பயிற்சியும் காப்புறுதியும் வேண்டும். அரசின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் இணையத்தளத்தில் முழு நிபந்தனைகளையும் படித்துவிட்டு மீட்பு இல்லத்துக்குப் போங்கள். வாய்க்கவசத்தை முதல்நாளே மாட்டி இழுத்துச் செல்லாமல், அதனுள் உணவு வைத்து, நாய் தானாகவே மூக்கை நுழைக்கும்வரை பழக்குங்கள். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்தரும் கூடை வடிவமே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது.

நாங்கள் சைவம். நாய்க்குத் தயிர்சாதம் போதுமா?

போதாது. ஓடியாடும் நாய்க்குத் தேவையான புரதமும் சத்துகளும் அதில் சரியான அளவில் இல்லை. முழுமையான, சமச்சீரான நாய் உணவு என்று குறிக்கப்பட்ட உலர் உணவைத் தனி டப்பாவில், தனி இடத்தில் வைத்துக் கொடுக்கலாம். பூசையறைக்கும் அதற்கும் இடைவெளி இருந்தால் பாட்டியும் ஒத்துக்கொள்வார். சாம்பார், குழம்பு மிச்சங்களை ஊற்றவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை என்பதால், பாயசமும் கேசரியும் அதன் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஊரில் தாத்தா கோம்பை நாய் வளர்த்தவர். நாய் எங்களுக்குப் புதிதன்று. இருந்தும் மீட்பு இல்லம் எங்கள் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. ஏன்?

தாத்தாவின் கோம்பைக்குத் தோட்டமும் களமும் தெருவும் இருந்தன. அது எப்போது எங்கே போக வேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்தது. இங்கே நாயின் ஒவ்வொரு அசைவும் உங்கள் கால அட்டவணையைச் சார்ந்தது. மீட்பு இல்லத்தார் கேட்க விரும்புவது வேறு: செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வீட்டில் யார்? மகன் தேசிய சேவைக்கு (கட்டாய இராணுவப் பணி) போன பிறகு நடைக்கு யார் கொண்டுபோவார்? பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போனால் நாய் எங்கே தங்கும், அதற்கான செலவு எவ்வளவு? இவற்றுக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொண்டு மீண்டும் விண்ணப்பியுங்கள். முதலில் தற்காலிக வளர்ப்புக்கு முன்வந்தால் இன்னும் நல்லது.

வேலை மாற்றலாகி வெளிநாடு போகிறோம். எங்கள் மூன்று வயது ஹஸ்கி நாய்க்கு நல்ல வீடு தேடுவது எப்படி?

நேரத்தோடு தொடங்குங்கள். "பாசமான நாய், இலவசம், உடனடியாக" என்று விளம்பரம் போட்டால் யோசிக்காதவர்களே முதலில் அழைப்பார்கள். மாறாக, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: "வார் இல்லாமல் விட்டால் ஓடிவிடும், பூனையைத் துரத்தும், குளிர்சாதன அறையில் உறங்கிப் பழகியது, அந்நியர் கிண்ணத்தைத் தொட்டபோது ஒருமுறை உறுமியது." இதைப் படித்த பிறகும் அழைப்பவரிடம்தான் பேசிப் பயன். கடித்த வரலாறு இருந்தால் மறைக்கவே கூடாது.

வந்து பார்ப்பவர்களை வீட்டில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பாதீர்கள். அவர்களே வாரைப் பிடித்து அரைமணி நேரம் நடக்கட்டும். ஹஸ்கி இழுக்கும் இழுப்பில் யாருடைய முகம் மலர்கிறது, யாருடையது சுருங்குகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய், வாசற்கதவையும் பால்கனிக் கம்பிகளையும் பாருங்கள். இரண்டு வாரம் சோதனையாகத் தங்க வைத்து, ஒத்துவராவிட்டால் உங்களிடமே திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு வாரமும் நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். உரிமத்தையும் மைக்ரோசிப் விவரங்களையும் புதியவர் பெயருக்கு மாற்றினால்தான் கைமாற்றம் முடிந்ததாகும். யாரும் கிடைக்கவில்லை என்று விட்டுச்செல்வது, முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படக்கூடிய செயல்.

மீட்கப்பட்ட ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் கலப்பினத்தை எடுத்திருக்கிறோம். மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா?

உண்டு. கோலி வகை நாய்கள் பலவற்றில், குறிப்பாக ரஃப் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஆகியவற்றில், எம்டிஆர்1 என்னும் மரபணு மாற்றம் பரவலாகக் காணப்படுகிறது. பார்டர் கோலியில் அது அரிது. அந்த மாற்றம் உள்ள நாய்க்குச் சொறிநோய்க்காக அதிக அளவில் ஐவர்மெக்டின் கொடுத்தால் மருந்து மூளைக்குள் தேங்கி, நடை தள்ளாடி, உயிரே போகலாம். இதயப்புழுத் தடுப்புக்கு மாதந்தோறும் கொடுக்கும் சிறிய அளவு பாதுகாப்பானது. இங்கே கொசுக்கடி ஆண்டு முழுவதும் இருப்பதால் அதை நிறுத்தவும் கூடாது. வயிற்றுப்போக்குக்கு நாம் சாப்பிடும் லோபரமைடு மாத்திரையும் இந்த நாய்களுக்கு ஆகாது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால் மரபணுச் சோதனை முடிவு வரும். அது வரும்வரை மாற்றம் இருப்பதாகவே கருதி மருந்து எழுதும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் செய்துவிடலாம்.