போர்ன்விட்டாவை நிறுத்திவிடலாமா?

கேள்வி: மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போர்ன்விட்டா போடாவிட்டால் பாலைத் தொடவே மாட்டான். காலையும் மாலையும் போர்ன்விட்டாவோடு ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுத்தான் கொடுக்கிறேன். “அது ஹெல்த் டிரிங்க் இல்லை என்று அரசே சொல்லிவிட்டது, முதலில் நிறுத்து” என்கிறார் என் நாத்தனார். நிறுத்திவிடவா?
வாசகி, திருநெல்வேலி

பதில்: போர்ன்விட்டாவை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. அதன்மேல் போடும் சர்க்கரையை இன்றே நிறுத்துங்கள்.

நாத்தனார் சொன்னது பாதி சரி. போர்ன்விட்டாவுக்கு யாரும் தடை போடவில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது. அதனால் இதுபோன்ற மால்ட் (முளைகட்டிய தானியம் சேர்ந்த) பானங்களை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சொன்னது. ஹார்லிக்ஸ், பூஸ்ட் எல்லாமே இதில் அடக்கம். போர்ன்விட்டா பெயர் மட்டும் அதிகம் அடிபடக் காரணம், அதிலுள்ள சர்க்கரையைப் பற்றி 2023-ல் பரவிய ஒரு வீடியோ. அந்த ஆண்டின் இறுதியில், சேர்க்கும் சர்க்கரையை 100 கிராமுக்கு 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாக நிறுவனம் குறைத்தது.

குறைத்தது நல்லதுதான். ஆனாலும் தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. 20 கிராம் தூள் போட்டால் அதில் ஆறு கிராமுக்கு மேல் வந்துவிடும். நீங்கள் போடும் ஒரு ஸ்பூன் இன்னும் ஐந்து கிராம். இரண்டு வேளைக்குக் கணக்குப் போட்டால் 22 கிராமைத் தாண்டுகிறது. உணவில் கிடைக்கும் கலோரியில் 5 சதவீதத்துக்குள் இத்தகைய சர்க்கரை இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவன் வயதுக்கு அது சுமார் 21 கிராம்தான். பிஸ்கட்டும் மிட்டாயும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை!

சரி, பிள்ளைக்குச் சத்து எங்கிருந்து கிடைக்கிறது? 200 மி.லி. பாலில் சுமார் 6 கிராம் புரதம். 20 கிராம் தூளில் ஒன்றரை கிராம்கூட இல்லை. வைட்டமின்களும் இரும்புச்சத்தும் சேர்த்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வளர்ச்சிக்கான வேலையைப் பெரும்பாலும் செய்வது பால்தான். தூள் அதற்கு ருசி தருகிறது. அதனால் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு ஸ்பூனுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையின் நாக்கு பழகிவிடும். வேறு பிராண்டுக்கு மாறுவதென்றால், டப்பாவின் பின்பக்கம் ‘சேர்த்த சர்க்கரை’ 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு வேளைக்கான அளவை மட்டும் பார்த்தால் எல்லாமே குறைவாகத்தான் தெரியும்.

கேள்வி: போர்ன்விட்டா போன்ற தூள்களை வாங்க ஜாடி லாபமா, ரீஃபில் பாக்கெட்டா? ஜிஎஸ்டி குறைந்த பிறகும் எங்கள் தெருக் கடையில் பழைய விலையே வாங்குகிறார்களே?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டிலும் அதைப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். பெரும்பாலும் ரீஃபில்தான் மலிவு. ஆனால் ஜாடிக்கு ஆஃபர் போடும் நாட்களில் அது மாறலாம். மால்ட் தூள்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய சரக்கானாலும் விற்கும் நாளில் உள்ள வரிதான் பொருந்தும். கடைக்காரரிடம் முதலில் நயமாகக் கேளுங்கள். அப்புறமும் குறைக்காவிட்டால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.