சாவியைத் திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும்: செல்ஃப் மோட்டார் வாங்குவதற்கு முன்

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்ல டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக அதிகாலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, எஞ்சின் சுற்றுவதில்லை. நான்கைந்து முறை முயன்றால் ஏதோ ஒரு முறை எடுத்துக்கொள்கிறது. “விளக்கு பளிச்சென்று எரிகிறது, பேட்டரியில் குறையில்லை, செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிடுங்கள்” என்கிறார் மெக்கானிக். 8,500 ரூபாய் ஆகுமாம். மாற்றலாமா?

பதில்: பொறுங்கள், இன்னும் பணம் கொடுக்காதீர்கள். விளக்கு எரிவதை வைத்துப் பேட்டரிக்கு நற்சான்று தர முடியாது. முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். டீசல் எஞ்சினில் காற்றை மிக அதிகமாக அழுத்த வேண்டியிருப்பதால், அதைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். விளக்கை எரியவைக்கும் பேட்டரி மோட்டாரைச் சுற்ற முடியாமல் படுத்துவிடலாம்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டகடகடக’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. நீங்கள் சொல்வது போல ஒரே ஒரு ‘டக்’ என்றால், சொலினாய்டு (சாவி திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்ச்) தன் வேலையைச் செய்துவிட்டது, மின்சாரம் மோட்டாருக்குள் போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனை கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் கேபிள் கெட்டிருக்கலாம். சில முறை எடுத்து, சில முறை எடுக்காமல் இருப்பதும் இவற்றோடு பொருந்துகிறது. ஆனால் சத்தத்தை மட்டும் நம்பி எதையும் வாங்க வேண்டாம்; அளந்து பார்த்துவிடலாம்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியைத் தொடும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். மீட்டர் முனையைக் கிளாம்பில் வைக்காமல், நடுவிலுள்ள ஈயக் குமிழில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். அடுத்து நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்துவிட்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அப்போது 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி சோதிக்க வேண்டும். ‘டக்’ கேட்டும் 12-ஐ விட்டு இறங்கவே இல்லை என்றால் பேட்டரி தப்பித்தது. வழியிலோ மோட்டாருக்குள்ளோதான் தடை.

பலரும் மறந்துவிடும் சோதனை இனிமேல்தான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் குற்றவாளி. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் சேஸியோடு அதை இணைக்கத் தனிக் கேபிள் உண்டு. என் தாய்மாமா வண்டியில் அது வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு இழைகள் பச்சை பூத்து, விரலில் பொடியாக உதிர்ந்தன. அதற்குள் அவர் பேட்டரியும் மோட்டாரும் மாற்றி முடித்திருந்தார். அந்தச் செலவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

எல்லாம் சரியாக இருந்து மோட்டாரில்தான் குறை என்று தெரிந்தாலும், முழு மோட்டார் வாங்குவது கடைசி வழி. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கழற்றிக் கொடுத்து, பிரஷையும் சொலினாய்டையும் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதி) எரிந்திருந்தால் மட்டும் புதியதைப் பற்றி யோசியுங்கள். மோட்டாரின் டெர்மினல்களுக்குக் குறுக்கே ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க ஸ்டார்ட் செய்ய யாரையும் விடாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி ஆள் மேல் பாய்ந்துவிடும். வெள்ளத்தில் ஓட்டிய பிறகு இந்தச் சத்தம் வந்தால் சாவியையே திருப்ப வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேள்வி: 14 மாதத்திலேயே பேட்டரி போய்விட்டது. வாரண்டி இருக்கிறது. ஆனால் “வாடகை வண்டி, நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது” என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை. வணிக நோக்கில் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரை விலக்கவில்லை. ஒரே வண்டியை நீங்களே ஓட்டிப் பிழைப்பவர் என்றால் இதைத் தைரியமாகச் சொல்லலாம். வாரண்டி அட்டையையும் படியுங்கள்: வாடகை வண்டிக்குக் காலம் குறைவாக இருக்கலாம், முதல் சில மாதங்களுக்குப் பிறகு இலவச மாற்றுக்குப் பதில் விலையில் கழிவு மட்டும் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள்; ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கெட்டிருந்தால் அடுத்த பேட்டரியும் இதே கதிதான். கடைக்காரர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.