வாசகர் கேள்வி – பதில்: சில்வர் ஷேடோ அழகா, சாதாரணமா?

கேள்வி: ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுடுக்கு இருந்த கம்பீரம், அடுத்து வந்த சில்வர் ஷேடோவில் துளியும் இல்லை, முன்புறக் கிரில்லை மறைத்துவிட்டால் அது ஏதோ ஒரு பெட்டிக் கார்தான் என்று என் தாய்மாமா சாதிக்கிறார். எனக்கோ ஷேடோதான் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. யார் பக்கம் நியாயம்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: உங்கள் மாமா சொல்வது பழைய வழக்கு. 1965-இல் ஷேடோ வெளிவந்தபோதே இங்கிலாந்தில் இந்தக் குறையைப் பலர் சொன்னார்கள். ஆனால் 1955-இல் வந்த கிளவுடுக்கும் ஷேடோவுக்கும் உருவம் கொடுத்தவர் ஒருவரே, ஜான் பிளாட்ச்லி என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரே கை இரண்டு விதமாக வரைந்ததற்குக் காரணம் ரசனை மாற்றம் மட்டுமன்று. கிளவுட், தனிச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் உடற்பகுதியை ஏற்றி வைத்த கார். முன் மட்கார்டின் மேல்விளிம்பு கதவுகளின் வழியே சரிந்து இறங்க, பின் மட்கார்டு தனியே மேடிட்டு எழும் அந்த அலை, மட்கார்டுகள் உடலோடு ஒட்டாமல் இருந்த காலத்தின் எச்சம். ஷேடோவிலோ உடற்கூடே சுமை தாங்குகிறது. தனிச் சேசிஸ் போனதால் காரின் உட்தரையைத் தாழ்த்த முடிந்தது. கிளவுடை விட ஏறத்தாழ 7 அங்குலம் நீளத்திலும் மூன்றரை அங்குலம் அகலத்திலும் குறைந்த ஒரு காருக்குள், அதைவிட அதிக இடத்தை அவர்கள் உண்டாக்கியது இப்படித்தான். பக்கங்கள் தட்டையாக இருப்பதும் அதே கணக்கின் விளைவு. மட்கார்டு புடைத்திருந்தால், காரின் அகலத்தை அது தின்றுவிடும், உட்காருபவருக்குப் பயன்படாது.

என் வாக்கு ஷேடோவுக்குத்தான். முகப்பு விளக்கிலிருந்து பின் விளக்கு வரை எங்கும் தடுக்காமல் ஓடும் அந்த இடுப்புக் கோட்டையும், கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்களுக்கு நடுவே இருக்கும் பெரிய கண்ணாடிப் பரப்பையும் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஆடம்பரத்தைக் கத்திச் சொல்லாத கார் அது. கிட்டே போனால் கிரில்லையும் கவனியுங்கள். நேர்க்கோடுகளாகத் தெரியும் அதன் பரப்புகள் உண்மையில் மிக லேசாக வெளிப்புறம் வளைந்தவை. முழுத் தட்டையாகச் செய்திருந்தால் நம் கண்ணுக்கு அவை உட்குழிந்ததாகத் தோன்றும் என்பதால், பண்டைய கிரேக்கக் கோயில் தூண்களில் கையாளப்பட்ட அதே உத்தியை இங்கும் கையாண்டிருக்கிறார்கள். பாதியாகப் பார்ப்பவர்கள்தான் இதைப் பெட்டி என்கிறார்கள்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் மாமாவை மறுக்க முடியாது. பின்னாலிருந்து பார்த்தால் ஷேடோவுக்கென்று தனி முகம் இல்லைதான். தனிச் சேசிஸ் மறைந்ததோடு, அதன் மேல் விரும்பிய உடலைக் கட்டித் தந்த வெளிப் பட்டறைகளின் தொழிலும் ஏறக்குறைய முடிந்துபோனது. ஜேம்ஸ் யங் பட்டறை, ஷேடோவையும் அதன் பென்ட்லி வடிவத்தையும் சேர்த்து, இரண்டு கதவு கார்களில் ஐம்பதைச் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அந்த இழப்பைத்தான் கிளவுட் ரசிகர்கள் கம்பீரம் போயிற்று என்று சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: கமார்க் என்ற ரோல்ஸ் ராய்ஸை அவலட்சணம் என்று சிலரும், துணிச்சலான படைப்பு என்று சிலரும் எழுதுகிறார்களே?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: 1975-இல் வந்த இந்த இரண்டு கதவு காரை இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்தில் பாவ்லோ மார்ட்டின் வரைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவரே வரைந்த ஃபியட் 130 கூப்பேயைப் பெரும்பாலோர் இன்றும் அழகு என்கிறார்கள். கூரிய விளிம்புகளும் அகன்ற கண்ணாடிகளும் இரண்டிலும் உண்டு. பிறகு ஏன் ஒன்றுக்குப் பாராட்டும் மற்றொன்றுக்குத் திட்டும்? கோடுகளில் குற்றமில்லை, அளவில்தான் குற்றம். ஷேடோவின் அடித்தளத்தின் மேல் அதைவிட நன்கு அகன்ற உடலை வைத்ததால், முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, தோள் மட்டும் பெருத்துத் தெரிகிறது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டது போல. போதாததற்கு, அதுவரை செங்குத்தாகவே நின்ற கிரில்லை இதில் 7 பாகை சாய்த்தார்கள். சம்பிரதாயப் பிரியர்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சாய்வு எனக்குப் பிடித்திருக்கிறது. அது இல்லாமல் அந்த மூக்கு சுவர் போல ஆகியிருக்கும். அகலத்துக்கு மட்டும் சமாதானம் இல்லை. 1986 வரை சுமார் 530 கார்களே செய்யப்பட்டன, ஆனால் விலையும் மிக அதிகம் என்பதால் அதை உருவத்துக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: பென்ட்லி டி என்பது ஷேடோவிலிருந்து எந்த விதத்தில் வேறு?
– ஈரோடு வாசகர்

பதில்: அதுவும் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே செய்த கார்தான். வேறுபடுபவை கிரில், அதை ஒட்டிய பானட் விளிம்பு, சின்னங்கள். அவ்வளவுதான். ஆயினும் வட்டமான அந்தக் கிரில், ஷேடோவின் உடலோடு ரோல்ஸ் கிரில்லைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

கேள்வி: 1977-க்குப் பிந்தைய ஷேடோ 2-இல் ரப்பர் பதித்த கறுப்புப் பம்பர்கள் அசிங்கமாக இருக்கின்றன. பழைய குரோம் பம்பர்களை மாட்டிக்கொள்வது தவறா?
– சேலம் வாசகர்

பதில்: அந்தப் பம்பர்கள் உடலோடு ஒட்டாமல் தனியே நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் மோதல் விதிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அவை. ஆனால் ஷேடோ 2-இன் மாற்றம் பம்பரோடு முடியவில்லை. முன்புறத்தின் அடியில் காற்றுத் தடுப்பு வந்தது, ஸ்டியரிங் ரேக்-பினியன் (பல்சக்கரம் பல்தண்டை நகர்த்தும்) முறைக்கு மாறியது, டேஷ்போர்டும் புதிதாயிற்று. பம்பரை மட்டும் மாற்றினால், பாதி முதல் ஷேடோவாகவும் பாதி இரண்டாவதாகவும் ஒரு கார் நிற்கும். விவரம் தெரிந்து வாங்க வருபவர் அதைப் பார்த்த உடனே விலையைக் குறைப்பார். குரோம்தான் வேண்டுமென்றால் 1977-க்கு முந்தைய காரைத் தேடுங்கள். முதல் ஷேடோதான் இரண்டாவதைவிட அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்டது, ஆகையால் கிடைக்காமல் போகாது. மெல்லிய அந்தப் பம்பரை, இரட்டை வண்ணம் பூசாத அடர் நிறக் காரில் பார்த்தால் உங்கள் கேள்விக்கே இடமிருக்காது. வாங்கும் முன் கதவுகளுக்குக் கீழேயும் சக்கர வளைவுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சுமை தாங்குவது அந்த உடற்கூடுதான்.