பிளைவீல் எத்தனை கிலோ? கிளட்ச் பக்கம் வந்த கேள்விகள்

கே: டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். எத்தனை கிலோ பிளைவீல் போட்டால் நல்லது? (மாதவரம்)

பிளைவீல் என்பது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் சுற்றும் கனமான இரும்புத் தட்டு, கிளட்ச் பிளேட் பிடிப்பது அதன் முகத்தில்தான். எந்த வண்டி, எந்த வருஷ மாடல், கிளட்ச் பிளேட் எத்தனை மில்லிமீட்டர், ஏற்றுவது பஞ்சா, கம்பியா? ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஒரே பதில்தான்: கம்பெனி என்ன எடையில் கொடுத்ததோ, அதே எடை. அதற்கு மேல் வேண்டுமானால் ஆர்.சி.யில் உள்ள மாடல், தயாரித்த மாதம், பழைய பிளைவீலில் இருக்கும் பார்ட் நம்பர் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

கே: பிக்கப்பில் வாட்டர் கேன் சப்ளை செய்கிறேன். சிக்னலில் எடுத்தால் வண்டி மந்தம். 12 கிலோ பிளைவீலை லேத்தில் சீவி 9 கிலோ ஆக்கினால் இழுவை கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (அயனாவரம்)

வேண்டாம். இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் இந்த முறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பிளைவீலைச் சீவினால் இன்ஜினுக்கு ஒரு குதிரைசக்திகூடக் கூடாது. ஆர்பிஎம் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும், அவ்வளவுதான். காலி வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தால் 'ஆகா' என்று இருக்கும். மெக்கானிக் உங்களுக்குக் காட்டுவது அதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். முதல் கியரில் இன்ஜின் சுமார் 18 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி 3 கிலோ சீவினால், வண்டியில் சுமார் 130 கிலோ குறைத்ததற்குச் சமம். உங்கள் பாஷையில் ஆறரை கேன். ஆனால் முதல் கியரில் எத்தனை நொடி ஓட்டுவீர்கள்? இந்தப் பலன் கியர் விகிதத்தின் வர்க்கத்தில் ஏறி இறங்குவது. நாலாவது கியர் போட்டதும் அதே 3 கிலோவின் பலன் சுமார் 8 கிலோதான். அரை கேன்கூட இல்லை. சீவியது மையத்துக்குப் பக்கத்தில் என்றால் அதுவும் கிடையாது. எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இனி இழப்பு. 60 கேன் ஏற்றினால் 1,200 கிலோ. அந்த லோடோடு சப்வே மேட்டில் நின்று எடுக்கும்போது, கிளட்ச் பிடிக்கும் அந்த நொடியில் இன்ஜினைத் தாங்கிக்கொடுப்பது பிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான். அது குறைந்தால் இன்ஜின் ஆஃப் ஆகும். ஆஃப் ஆகாமல் இருக்க டிரைவர் ரேஸ் கொடுத்து, கிளட்சைப் பாதி மிதித்து அரை கிளட்சில் பிடிப்பார். பிளேட் தேயும் சூட்டில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது பிளைவீலும், பிளேட்டை அதோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும். 12 கிலோ இரும்பு தாங்கிய சூட்டை 9 கிலோ தாங்க வேண்டும். பிளேட் உரசும் முகத்தில் நீலத்திட்டு விழும், பிறகு மயிரிழை வெடிப்பு.

வெடிப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு பிக்கப்பின் வார்ப்பிரும்பு பிளைவீல் என் மேசைக்கு வந்தது. எடை குறைக்க பின்பக்கம் சுற்றிலும் 12 ஓட்டை போட்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தின்னரில் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்தேன். வெடிப்புக்குள் இறங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்ட, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு, பென்சிலால் கோடு போட்ட மாதிரி சிவப்பு ஊறி வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. முந்தைய நாள் மாலை வரை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லோடு அடித்த வண்டி அது.

30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளைவீல் 4,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்தால் அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் பிடித்து வைக்கும் என்று நம்பாதீர்கள். பக்கத்தில் இருப்பது டிரைவரின் கால்.

உங்கள் வண்டி மந்தமாக இருப்பதற்குக் காரணம் வேறு. நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப். அது சரியாக இருந்தால் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் கசிவு, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, டயர் காற்று என்று வரிசையாகப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் கேன் ஏற்றுகிறீர்களா என்பதையும்.

கே: கிளட்ச் செட் புதிதாகப் போட்டு ஒரு வாரம். எடுக்கும்போது வண்டி உதறுகிறது. பிளைவீல் எடை போதவில்லையா? (பூந்தமல்லி)

எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புது பிளேட்டைப் போட்டவர் பழைய பிளைவீலின் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கியர் பாக்ஸை இறக்கி, கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணெய் பட்ட பிளேட்டைத் துடைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள். பிளைவீல் முகத்தில் நீலத்திட்டும் கீறல் வரியும் மட்டும் இருந்தால் அரை மில்லிமீட்டர் ஃபேஸிங் (லேத்தில் முகத்தைச் சமன் செய்வது) போதும். படி வைத்த பிளைவீல் என்றால் பிரஷர் பிளேட் உட்காரும் இடத்தையும் அதே அளவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் குறையும். குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போனால் புதுசு. திரும்ப மாட்டும்போது பிளைவீலைக் கிராங்கில் பிடிக்கும் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள்.

கே: பழைய பிளைவீல் ஒன்று புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்தது. போல்ட் ஓட்டை பொருந்துகிறது. மாட்டலாமா? (வியாசர்பாடி)

ஓட்டை பொருந்தினால் போதாது. ரிங் கியர் (ஸ்டார்ட்டர் கடிக்கும் விளிம்புப் பல் வளையம்) பல் எண்ணிக்கை, மொத்த உயரம், கிளட்ச் விட்டம், சென்சாருக்கான வெட்டு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சாயம் அடித்து வெடிப்பு பார்க்காமல், பேலன்ஸ் பார்க்காமல் மாட்டவே கூடாது. போல்ட் புதுசு.

கே: செல்ஃப் அடித்தால் சில நேரம் 'கர்ர்' என்று சத்தம் மட்டும். தள்ளி விட்டால் உடனே ஸ்டார்ட். (காசிமேடு)

பெரும்பாலும் ரிங் கியர் பல் தேய்ந்திருக்கும். நாலு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும், அந்தப் பல்லையே ஸ்டார்ட்டர் கடிக்கும். ரிங்கை மட்டும் சூடாக்கி மாற்றலாம், பிளைவீலைத் தூக்கிப் போட வேண்டாம்.

கே: டூயல் மாஸ் பிளைவீலுக்கு விலை அதிகம் சொல்கிறார்கள். சாதாரண பிளைவீல் போடலாமா? (பெருங்குடி)

உங்கள் இன்ஜினுக்கென்றே வரும் முழு கிட்டாக இருந்தால் போடலாம். பிளேட்டில் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கையால் பார்த்து வாங்குங்கள். டூயல் மாஸ் என்றால் இரண்டு தட்டாக இருக்கும் பிளைவீல், இன்ஜின் அதிர்வை நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு ஸ்பிரிங் இல்லாத பிளேட்டைப் போட்டால் ஐடிலிங்கில் கியர் பாக்ஸ் கடகடவென்று பேசும். நெடுந்தூர லோடு என்றால் என் ஓட்டு டூயல் மாஸுக்கே. அதை மட்டும் லேத்தில் ஏற்றாதீர்கள்.

கே: 3 கிலோ கூடுதலான பிளைவீல் போட்டால் மைலேஜ் கூடுமா? (ஆவடி)

கூடாது. ஒரே வேகத்தில் ஓடும்போது பிளைவீல் எதையும் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊரில் கூடுதல் எடையைச் சுழற்றவும் டீசல்தான் போகும்.

கே: கத்திப்பாரா ஏற்றத்தில் டிராபிக் நிற்கும்போது அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் பிளைவீலுக்கு ஏதாவது ஆகுமா? (ஆலந்தூர்)

ஆகும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுங்கள்.